அல்சூர் பாட்டுப் பட்டறை: எழுத்துக்கு முழு மதிப்பெண், நிர்வாகத்துக்குப் பாதி

தொண்ணூறுகளில் கேசட் கடைகளின் கண்ணாடி அலமாரியில் தம் முகம் அச்சிட்ட அட்டையோடு இருந்த ஒரு பாப் பாடகர், இப்போது மேடையை ஏறக்குறைய விட்டுவிட்டு, பெங்களூரு அல்சூரில் ஒரு பட்டறை நடத்தி வருகிறார். புதிதாகப் பாட வருகிறவர்களோடு உட்கார்ந்து பாட்டு எழுதித் தருவதும், அவர்களுடைய நிகழ்ச்சிகளையும் வரவு செலவையும் நிர்வகிப்பதும் அங்கே நடக்கும் வேலை. என் அக்கா மகள் அங்கே தன் முதல் தனிப்பாடலை முடித்து வெளியிட்டிருக்கிறாள். இரண்டாவது பாடல் பாதியில் நிற்கிறது. நான் கணக்கு எழுதுவதைத் தொழிலாகக் கொண்டவன் என்பதால் காகிதங்களைப் பார்க்கும் பொறுப்பு என்மேல் விழுந்தது. பாட்டு எழுதும் அறையில் ஓரமாக உட்காரவும் அனுமதி கிடைத்தது. இரண்டையும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: எழுதக் கற்றுக்கொள்ளப் போகிறவர்கள் கொடுக்கும் பணத்துக்கு மேலாகவே பெற்றுக்கொண்டு வருவார்கள், அதே சூட்டோடு நிர்வாக ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடுகிறவர்கள் பின்னால் வருந்த இடமிருக்கிறது. குறைகளும் சொல்லப் போகிறேன் என்பதால் அவருடைய பெயரையும் பட்டறையின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன்.

ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இராது என்பார்கள். பாடி ஓய்ந்தவர் பிறர் குரலுக்குப் பாட்டு அமைக்கப் போவது இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. பெங்களூரில் ‘ட்ரோஜன்ஸ்’ என்ற குழுவில் பாடிக்கொண்டிருந்த பித்து அப்பையா அறுபதுகளில் இங்கிலாந்துக்குப் போனார். அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது அவருடைய சொந்தக் குரல் அல்ல. 1974இல் கார்ல் டக்ளஸைப் பாடவைத்த பாட்டு பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடத்துக்கு வந்தது. 1980இல் ‘குர்பானி’ இந்திப் படத்துக்காக, பள்ளிப் பருவத்தைத் தாண்டாத நாசியா ஹசனைப் பாடவைத்தவரும் அவரே. 1995இல் அலிஷா சினாயின் ‘மேட் இன் இந்தியா’வும் அவர் கைவண்ணம்தான். மும்பையில் லெஸ்லி லூயிஸ் 1996இல் ஹரிஹரனோடு ‘கலோனியல் கசின்ஸ்’ ஆகக் கலக்கியதை நம்மவர்கள் அறிவார்கள், 1999இல் கே.கே.யின் முதல் தனித்தொகுப்பான ‘பல்’லுக்கு இசையமைத்ததும் அவரே என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை.

அந்தக் காலத்துக்கும் இப்போதைக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அன்று ஸ்டூடியோ வாடகையையும் வாத்தியக்காரர்களின் சம்பளத்தையும் கேசட் நிறுவனம் முன்பணமாகப் போட்டது. பாட்டு ஓடினால் நிறுவனம் சம்பாதித்தது, ஓடாவிட்டால் கையைச் சுட்டுக்கொண்டது. கேசட்டும் குறுந்தட்டும் ஓய்ந்து, இணையத்தில் கேட்பதே பழக்கமாகிவிட்ட பிறகு, முதல் பாட்டுக்கான செலவு முழுவதும் புதியவரின் வீட்டுப் பணத்திலிருந்து போகிறது. பணம் போடுகிறவர் மாறிவிட்டார். ஒப்பந்தங்களின் வாசகம் மட்டும் பழைய நிறுவனக் காலத்து வாசகமாகவே இருக்கிறது. என் மனக்குறைக்கு வேர் அங்கேதான்.

பட்டறை, அல்சூர் மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு பழைய வீட்டின் மாடியில் இருக்கிறது. எழுதுவதற்கு ஓர் அறை, ஒலிப்பதிவுக்கு ஓர் அறை, வெளியே காத்திருக்க ஒரு திண்ணை. ஒரு பாட்டுக்கு 45,000 ரூபாய் கட்டணம். அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்து 53,100 ரூபாய். இதில் எழுத்து அமர்வுகள், குரல் பதிவு, அடிப்படை வாத்திய அமைப்பு, குரலையும் வாத்தியங்களையும் அளவாகக் கலக்கும் மிக்ஸிங் ஆகியவை அடங்கும். வெளியிலிருந்து புல்லாங்குழலோ வயலினோ வேண்டுமென்றால் அந்தக் கலைஞருக்கு நாமே தனியாகக் கொடுக்க வேண்டும். வண்டி நிறுத்த இடமில்லை. மெட்ரோவில் போவதே நல்லது.

இனி எழுத்து அறைக்கு வருகிறேன். அங்கே கணினி கிடையாது. ஒரு நைலான் கம்பி கிதார், ஒரு சிறிய கீபோர்டு, கோடு போட்ட நோட்டு, பென்சில். பாட்டு வரிகளைத் தமிழ் எழுத்தில் கையால் எழுதிக்கொண்டு வரச் சொல்கிறார். கைப்பேசியில் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொண்டு வந்த ஒரு பையனிடம், குறில் எது நெடில் எது என்று இந்த எழுத்தில் எனக்குத் தெரியாதப்பா, எழுதிக்கொண்டு வா என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் பாடிப் பெயர் வாங்கியவர். ஆனாலும் அல்சூர்த் தமிழர் வீட்டில் பிறந்தவர் என்பதால் சந்தம் அவருக்குக் கைவந்திருக்கிறது. மெட்டுக்கு வரி எழுதும்போது முதலில் ‘தன்னானே தனனா’ என்று தத்தகாரத்தில் பாடச் சொல்லி, மேசையில் விரலால் தட்டிக்கொண்டே எந்த அசை எங்கே நிற்கிறது என்று பென்சிலால் கோடு போடுகிறார். சினிமாப் பாடலாசிரியர்கள் காலங்காலமாகச் செய்வதுதான் இது. ஆனால் இன்று தனியாகப் பாட வரும் இளைஞர்களில் பெரும்பாலோருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை.

ஓர் இடத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், அவருடைய வேலை எப்படிப்பட்டது என்பது அதில் தெரிந்துவிடும். அக்கா மகள் எழுதிக்கொண்டு போன பல்லவி ‘மழை நின்ற தெருவில்’ என்று தொடங்கியது. மெட்டு அவளுடையதே, முதல் சுரத்தில் இரண்டு தட்டுக்கு நின்றுவிட்டுப் பிறகு இறங்கும். அவள் பாடியபோது ‘மாழை நின்ற’ என்று ஒலித்தது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை. கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் ஏதோ இடறுகிறது என்று மட்டும்தான் பட்டது. அவர் இரண்டு முறை பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு, “மெட்டு நிற்கிற இடத்தில் எழுத்தும் நிற்கணும்மா. ‘ம’வுக்கு அவ்வளவு நேரம் நிற்கக் காலில்லை” என்றார். மெட்டை மாற்றிவிடட்டுமா சார் என்று அவள் கேட்டாள். மெட்டு நன்றாக இருக்கிறது, அதைத் தொடாதே, நெடிலில் தொடங்கு என்றார். அவள் ‘தூறல்’, ‘வானம்’ என்று சிலவற்றை முயன்றாள். எல்லாமே ஏற்கெனவே ஆயிரம் பாட்டில் கேட்டவை. அவர் உதவிக்கு வரவில்லை. தேநீர் வரவழைத்துக் குடித்துக்கொண்டே, மழை நின்ற பிறகு உன் தெருவில் என்ன இருக்கும், அதை மட்டும் சொல் என்று கேட்டார். கடைசியில் வந்தது ‘ஈரம் காயாத தெருவில்’. ‘ஈ’யில் குரல் தாராளமாக நின்றது, ‘கா’விலும் ‘யா’விலும் அடுத்த இரண்டு இறக்கங்களும் அமர்ந்தன. மழை என்ற சொல்லே இல்லாமல் மழை வந்துவிட்டது என்பது கூடுதல் வரவு.

அதே அமர்வில், வரியின் கடைசியில் ஒலி மூடிக்கொள்ளும் சொற்களைத் தவிர்க்கச் சொன்னார். ‘கேட்டு’, ‘விட்டு’ என்று முடித்தால் நீட்டிப் பாட இடமிராது. ‘வழியே’, ‘உனக்காக’ போல உயிரோசை திறந்து நிற்கும் சொற்களில் முடித்தால் மூச்சு முழுவதும் பாட்டுக்குப் பயன்படும். எதுகை மோனையை வலிந்து திணிப்பது அவருக்குப் பிடிப்பதில்லை. ஆனால் சரணத்தின் முதல் இரண்டு வரிகளில் எதுகை இருந்தால் கேட்கிறவர் இரண்டாம் முறையே கூடப் பாடுவார் என்று அவற்றை மட்டும் விடாப்பிடியாகக் கேட்டு வாங்கினார். சரணத்தில் நான்கு வரிகள் அவரே எழுதினார். அவற்றில் இரண்டை அவள் வேண்டாம் என்றாள். பெரியவர் எழுதியதை வேண்டாம் என்கிறாளே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் அழித்துவிட்டார். பத்தொன்பது வயதுப் பெண்ணின் பாட்டில் அறுபது வயது ஆணின் ஏக்கம் ஏறிவிடக் கூடாது என்ற எச்சரிக்கை அவரிடம் எப்போதும் இருக்கிறது. தம் பழைய பாணியைச் சீடர்கள் வாயில் வைத்துப் பார்க்கும் மூத்த கலைஞர்கள் பலர் உண்டு. இவர் அந்த ரகம் இல்லை.

ஒலிப்பதிவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அறை சுமாராகத்தான் ஒலி புகாமல் கட்டப்பட்டிருக்கிறது, எச்.ஏ.எல். விமான நிலையத்திலிருந்து கிளம்பும் விமானம் தலைக்கு மேலே போனால் பாதி வரியில் நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒலிவாங்கியும் கருவிகளும் நல்லவை. ஒரே வரியைப் பலமுறை பாடவைத்து, நன்றாக வந்த துண்டுகளைக் கோக்கும் வேலையை ஓர் இளைஞர் பொறுமையாகச் செய்கிறார். சுருதி திருத்தும் மென்பொருளை அளவோடுதான் தொடுகிறார்கள். பாட்டை இன்னும் சத்தமாக வைக்கலாமே என்று நான் கேட்டபோது, ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். என்ற ஒலியளவை ஒட்டிச் சமன்செய்துவிடும், அளவுக்கு மீறி ஏற்றினால் பாட்டின் மேடுபள்ளம்தான் போகும் என்று அந்த இளைஞர் விளக்கினார். குறை என்று சொன்னால், வெளியிடுவதற்கு முன் பாட்டுக்குக் கடைசி மெருகேற்றும் மாஸ்டரிங் வேலை கட்டணத்தில் அடங்காது என்பது மிக்ஸிங் முடிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது. கட்டணச் சீட்டில் அந்த வரி இல்லை. இருந்திருக்க வேண்டும்.

வெளியீட்டு விஷயங்களில் பட்டறை எதிர்பார்த்ததைவிடக் கவனமாக இருக்கிறது. பதிவுக்கு ஐ.எஸ்.ஆர்.சி. என்னும் பன்னிரண்டு எழுத்து அடையாளக் குறி வாங்குவது, பாடலாசிரியர், இசையமைப்பாளர் பெயர்களை ஏற்றும்போதே சரியாக எழுதுவது, பாடலை எழுதியவர் என்ற முறையில் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராகச் சேர்ந்து பாட்டைப் பதிவது ஆகிய மூன்றையும் அவர்களே உடனிருந்து செய்யவைக்கிறார்கள். 1969இல் மும்பையில் தொடங்கப்பட்ட அந்த அமைப்பு, பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் சேர வேண்டிய ராயல்டியைத் திரட்டித் தருவது. தனியாகப் பாட வரும் இளைஞர்களில் பலர் சினிமாக்காரர்களுக்கு மட்டும் உரியது என்று நினைத்து அந்தப் பக்கமே போவதில்லை. பாடும் குரலுக்கான உரிமை வேறு, எழுதிய கைக்கான உரிமை வேறு, பதிவான ஒலிக்கான உரிமை வேறு என்பதை அவர் ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டு அவளுக்கு விளக்கியதைக் கேட்டபோது, எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இப்படி ஒருவர் வாய்த்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

முதல் பாட்டு முடிந்த அன்றே ஸ்ப்ளிட் ஷீட் எழுதினார்கள். யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை அவரே பென்சிலால் எழுதி அவள் பக்கம் நகர்த்தினார்: வரிகளில் அவளுக்கு 70, அவருக்கு 30, மெட்டில் ஆளுக்குப் பாதி. அவர் கேட்டிருந்தால் வரிகளில் அறுபதுக்கே அவள் சம்மதித்திருப்பாள். எழுதும் அறையில் அவர் எவ்வளவு நேர்மையானவர் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

இதற்குப் பிறகு வந்த நிர்வாக ஒப்பந்தத்தின் வரைவைப் படித்தபோது வேறு ஒரு மனிதர் எழுதியது போலவே இருந்தது. உண்மையில் வேறு ஒருவர்தான் எழுதியிருக்கிறார். ஒரு வழக்கறிஞர் பல ஆண்டுகளுக்கு முன் தயாரித்துக் கொடுத்த படிவத்தையே எல்லோருக்கும் கொடுத்துவருகிறார்கள். மூன்று ஆண்டுக் காலம், எல்லா வருமானத்திலும் 20 சதவீதத் தரகு, பட்டறை அறையில் முடிக்கப்படும் எந்தப் பாட்டிலும் பட்டறைக்குப் பாதிப் பங்கு, ஒலிப்பதிவின் உரிமை பட்டறைக்கு, ஒப்பந்தம் முடிந்த பிறகு ஓராண்டு வேறு எந்த நிர்வாகியோடும் சேரக் கூடாது. சாராம்சம் இவ்வளவுதான்.

இருபது சதவீதம் என்பது தொழிலில் வழக்கமான அளவே. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எதன்மேல் இருபது என்பதில்தான் சிக்கல். வரைவில் ‘மொத்த வருமானத்தில்’ என்று இருந்தது. ஒரு நிகழ்ச்சிக்கு 40,000 ரூபாய் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கூட வாசிக்கும் இருவருக்கு ஆளுக்கு 8,000, ஒலி பார்ப்பவருக்கு 5,000, வண்டிக்கு 4,000 என்று 25,000 போய்விட்டால் மிஞ்சுவது 15,000. மொத்தத்தில் இருபது என்றால் நிர்வாகிக்கு 8,000, பாடியவளுக்கு 7,000. செலவு போக மிஞ்சியதில் இருபது என்றால் நிர்வாகிக்கு 3,000, பாடியவளுக்கு 12,000. ஒரே சதவீதம்தான்; மேடையில் நின்று பாடியவளைவிட, ஏற்பாடு செய்தவருக்கு அதிகம் கிடைப்பதா, நான்கில் ஒரு பங்கு கிடைப்பதா என்பதை ஒரு சொல் தீர்மானிக்கிறது. பெரிய பாடகர்களுக்கு மொத்தத்தின்மேல் தரகு கொடுத்துக் கட்டுப்படியாகும். பொங்கல் விழாவுக்கும் கல்லூரி விழாவுக்கும் பாடிக்கொண்டிருக்கிறவர்களுக்கு ஆகாது.

அதைவிட முக்கியமான கேள்வி, எழுதுகிறவரும் நிர்வகிக்கிறவரும் ஒருவரே என்பதால் வருவது. பாட்டிலிருந்து 100 ரூபாய் ராயல்டி வருகிறது. வரைவின்படி இணை எழுத்தாளர் என்ற முறையில் அவருக்கு 50 போகிறது. மிஞ்சிய 50 அவளுடைய வருமானம் என்பதால், நிர்வாகி என்ற முறையில் அதிலும் இருபது சதவீதம், அதாவது 10 ரூபாய் அவருக்கே போகிறது. அவருக்கு 60, அவளுக்கு 40. தாமே பங்கு வைத்திருக்கும் வருமானத்தில் நிர்வாகி தரகு எடுக்கக் கூடாது என்பதே நியாயம். பணத்துக்கு அப்பாலும் இதில் ஒன்று இருக்கிறது. அடுத்த பாட்டை வேறொருவரோடு எழுதினால் நன்றாக வருமே என்று ஒரு நல்ல நிர்வாகி சொல்ல வேண்டிய நாள் ஒன்று வரும். பாட்டில் தமக்கே பங்கு இருக்கும்போது அதை அவர் எப்படிச் சொல்வார்? கெட்ட எண்ணம் வேண்டியதில்லை, அந்த யோசனையே தோன்றாமல் போகும். இரு வேலைகளும் ஒரே கையில் இருப்பது புதியவருக்கு வசதிதான்: ஒரே இடத்தில் எல்லாம் முடிகிறது, ஒருவரிடம் பேசினால் போதும். ஆனால் எழுத்தாளர் என்ற முறையில் அவர் கேட்பது அதிகமா என்று பார்க்க வேண்டிய ஆள் நிர்வாகிதான். அந்த நாற்காலியிலும் அவரே உட்கார்ந்திருக்கிறார்.

ஒலிப்பதிவின் உரிமையைப் பட்டறைக்கு எழுதிக் கொடுப்பது எனக்கு அறவே ஏற்கத்தக்கதாக இல்லை. கேசட் நிறுவனம் பணம் போட்ட காலத்தில் பதிவு நிறுவனத்துக்குச் சொந்தமானது. அதற்கு ஒரு காரணம் இருந்தது. இங்கே 53,100 ரூபாய் கட்டியது என் அக்கா. பணமும் நாம் போட்டு, பதிவையும் அவர்களுக்குக் கொடுத்துவிட்டு வருவது எந்தக் கணக்கில் சேரும்? ஒலிப்பதிவு வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும் என்பது சட்டம். முழுக் காலத்துக்கும் எழுதிக் கொடுத்துவிட்டால், அந்தப் பெண் பாட்டியான பிறகும் அது வேறொருவர் சொத்தாகவே இருக்கும்.

வரைவில் ராயல்டி உள்ளிட்ட அனைத்தையும் ஒப்படைப்பதாக ஒரு நீண்ட வாசகமும் இருந்தது. அதைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின் 18ஆம், 19ஆம் பிரிவுகளின்படி, பாடலை எழுதியவரும் மெட்டமைத்தவரும் ஒலிப்பதிவிலிருந்து தங்களுக்குச் சேர வேண்டிய சரிபங்கு ராயல்டியைத் தங்கள் வாரிசுகளுக்கோ ஐ.பி.ஆர்.எஸ். போன்ற பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. விட்டுக்கொடுப்பதாக எழுதினாலும் அது செல்லாது. இன்னொரு வேடிக்கை, உரிமை எத்தனை ஆண்டுக்கு என்று வரைவில் எழுத மறந்திருந்தார்கள். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் அதே 19ஆம் பிரிவு எடுத்துக்கொள்கிறது. பிரபஞ்சம் முழுவதையும் கேட்கும் ஆங்கிலப் படிவங்களை நகலெடுக்கிறவர்கள் இதையெல்லாம் படிப்பதில்லை போலும்.

ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஓராண்டு வேறு நிர்வாகியிடம் போகக் கூடாது என்ற நிபந்தனையும் நிற்காது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடுகளைச் செல்லாதவை என்கிறது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானுக்கும் அவருடைய நிர்வாக நிறுவனத்துக்கும் இடையே நடந்த வழக்கில், ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் அவரைக் கட்டிப்போடும் நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2006இல் ஏற்க மறுத்தது. செல்லாத நிபந்தனைதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று சிலர் சொல்லலாம். நீதிமன்றப் படியேற வசதியில்லாத பத்தொன்பது வயதுப் பெண்ணை மிரட்டுவதற்குச் செல்லாத நிபந்தனையே போதும்.

பட்டறையின் பக்கம் நியாயம் சொல்லவும் ஒன்று இருக்கிறது. கே.ஜி.எஃப்.பிலிருந்து ரயிலில் வந்து போகும் பதினேழு வயதுப் பையன் ஒருவன் அங்கே எழுதிக்கொண்டிருக்கிறான். நல்ல குரல், அதைவிட நல்ல காது. அவனுடைய தந்தையே கையெழுத்துப் போடத் தயாராக வந்தும் ஒப்பந்தம் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். பதினெட்டு நிறையாதவரோடு செய்யும் ஒப்பந்தம் செல்லாது. பெற்றோர் போட்டாலும் நிலைமை மாறுவதில்லை. மகளைப் படத்தில் நடிக்கவைக்கத் தந்தை செய்த ஒப்பந்தம் ஒன்றைப் பம்பாய் உயர் நீதிமன்றம் நாற்பதுகளின் இறுதியிலேயே ஏற்க மறுத்திருக்கிறது. சட்டத்துக்கு அஞ்சியா, மனசாட்சிக்கு அஞ்சியா என்று நான் ஆராயவில்லை. பையன் தொடர்ந்து வருகிறான், கட்டணமும் தவணையில்தான் வாங்குகிறார்கள்.

நிர்வாகம் என்ற பெயரில் அவர்கள் உண்மையில் என்ன செய்து தருகிறார்கள் என்றால், அது குறைவல்ல. 2018இல் நேரடி இசைக்கான உரிமம் கேட்டுக் காவல்துறை கெடுபிடி செய்ததிலிருந்து இந்திராநகர், கோரமங்களா பக்கத்து விடுதிகளில் மேடை கிடைப்பதற்கு யாரிடம் உரிமம் இருக்கிறது என்று தெரிந்த ஆள் வேண்டியிருக்கிறது. இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும் என்பதால், திறந்தவெளி நிகழ்ச்சிகளில் கடைசியாகப் பாடுகிறவர்களின் நேரம் அடிக்கடி வெட்டுப்படும். அதனால் புதியவர்களை முன்னதாகவே மேடையேற்றிவிடுகிறார். முப்பது ஆண்டுப் பழக்கத்தில் நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்கள் அவருடைய அழைப்பை எடுக்கிறார்கள். ஒயிட்ஃபீல்டு அடுக்ககம் ஒன்றின் பொங்கல் விழாவில் அவள் பாடியபோது மின்னல் வேகத்தில் மேடைக்குப் பின்னால் போய் ஒலிப் பலகையில் அவளுடைய குரலை ஏற்றி வைத்தவரும் அவரே. முன்பணம் வாங்காமல் யாரையும் மேடையேற்றுவதில்லை என்ற கொள்கை வைத்திருக்கிறார். புதியவர்களை ‘உங்களுக்கு அறிமுகம் கிடைக்கும்’ என்று சொல்லி இலவசமாகப் பாடவைக்கும் வழக்கம் பெருகிவிட்ட ஊரில் இது பெரிய உதவி.

வரைவில் பென்சிலால் குறித்துக்கொண்டு போய் உட்கார்ந்தபோது அவர் முகம் சுளிக்கவில்லை. ஒலிப்பதிவு உரிமையை அவளுக்கே விட்டுவிடச் சம்மதித்தார். ஓராண்டுத் தடையை அடித்துவிட்டார். பாதிப் பங்கு என்ற பொது விதிக்குப் பதிலாக ஒவ்வொரு பாட்டுக்கும் தனி ஸ்ப்ளிட் ஷீட் என்று எழுதினார். இரட்டைத் தரகை மட்டும் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. எழுதுவது வேறு உழைப்பு, அலைவது வேறு உழைப்பு, இரண்டுக்கும் கூலி வேண்டாமா என்றார். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பதை மறுக்கவில்லை. ஆனால் ராயல்டி வசூலிப்பதில் அலைச்சல் எதுவும் இல்லை, அது சங்கத்தின் வழியாக அவரவர் கணக்குக்குத் தானாக வருவது. அலைச்சல் நிகழ்ச்சிகளில்தான். எனவே மூன்று ஆண்டு ஒப்பந்தத்தைத் தவிர்த்து, அவர் ஏற்பாடு செய்து தரும் நிகழ்ச்சிகளுக்கு மட்டும் செலவு போக மிஞ்சியதில் 20 சதவீதம் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதிக்கொண்டோம். அதற்கு அவர் உடனே ஒப்புக்கொண்டார். கேட்டால் எல்லோருக்கும் தருவார் என்றே நினைக்கிறேன், கேட்கிறவர்கள்தான் குறைவு.

போக நினைப்பவர்களுக்குச் சில செய்திகள். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. முதல் சந்திப்புக்குக் கட்டணம் இல்லை. பாதி எழுதிய பாட்டு ஒன்றாவது கையில் இருக்க வேண்டும், பாடிக் காட்டச் சொல்வார். தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதலாம். தமிழில் எழுதுகிறவர்களுக்கே அவரிடம் அதிகம் கிடைக்கிறது என்பது என் அபிப்பிராயம். மாஸ்டரிங்குக்கு எவ்வளவு என்று முதல் நாளே கேட்டுக் கட்டணச் சீட்டில் எழுதி வாங்கிவிடுங்கள். மிக்ஸிங் வரிசை எப்போதும் நீளமாக இருக்கிறது; தீபாவளிக்குப் பாட்டு வெளிவர வேண்டுமென்றால் ஆடி முடிவதற்குள் எழுத்து வேலையை முடித்துவிட வேண்டும்.